சிவப்புக் கோடு பற்றி உனக்கு ஒரு பதில்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் கிடைத்தன. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் மூட்டுவலி சற்றே குறைந்திருக்கிறது. ரங்கன் பொங்கலுக்கு வருகிறானாம். இங்கே வந்தால் மறுபடியும் அந்த ரிக்கார்டு நோட்டுக் கதையைத் தொடங்குவான் என்பதால், தயவுசெய்து அவனை உன் வீட்டிலேயே வைத்துக்கொள்.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் உபுண்டு லினக்ஸில் அமர்ந்து, சி மொழியில், திரையில் சாளரமும் பொத்தானும் அமைக்க உதவும் ஜிடிகே 4 என்ற லைப்ரரியைக் கொண்டு நிரல் எழுதப் புறப்பட்டிருக்கிறார் என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் டெர்மினலில் கட்டளை கொடுத்தால் நன்றாக ஓடும் நிரலுக்கு, விஎஸ் கோடு என்ற எடிட்டரில், ஜிடிகேயை அழைக்கும் முதல் வரியிலேயே சிவப்புக் கோடு விழுகிறது என்பதற்காக, ஜிடிகேயையே அழித்துவிட்டு மறுபடி நிறுவப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதே. அம்மீட்டர் முள் அசையவில்லை, ஆகவே மின்சாரமே இல்லை என்று தீர்ப்புச் சொன்ன மாணவர்களை நீ எத்தனை முறை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்தியிருப்பாய்!

சிவப்புக் கோட்டைப் போடுவது, நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அன்று; எடிட்டருக்குள் இருக்கும் சி நீட்சி (எக்ஸ்டென்ஷன்). நீ டெர்மினலில் கொடுத்த கட்டளையில் பிகேஜி-கான்ஃபிக் என்ற சிறு கருவி இருந்தது. அது கணினியில் உள்ள சிறு விவரக் கோப்புகளைப் படித்து, ஜிடிகேயின் ஹெடர்கள் (அதில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்புகள்) எங்கே இருக்கின்றன, அதற்குத் துணையான பாங்கோ, கெய்ரோ, ஜிலிப் முதலிய லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டது. எடிட்டரிடம் அதை யாரும் சொல்லவில்லை. எடிட்டரிலிருந்தே கம்பைலரை ஓட்டும் பில்டுக்கான டாஸ்க் கோப்பு ஒன்று, சிவப்புக் கோட்டை முடிவுசெய்யும் அமைப்புக் கோப்பு வேறொன்று. ஒன்றில் எழுதுவது மற்றொன்றுக்குத் தெரியாது.

இணையத்தில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் வைத்தியம், ஹெடர்கள் இருக்கும் பாதைகளை எடிட்டரின் அமைப்புக் கோப்பில் கையால் நகலெடுத்து ஒட்டுவது. எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. ஹெடர்கள் பெரும்பாலும் இருக்கும் யுஎஸ்ஆர் இன்குளூட் அடைவு (ஃபோல்டர்) முழுவதையும் சேர்த்துவிட்டாலும் சிவப்புக் கோடு போகாது. ஏனெனில் ஜிலிப்பின் கான்ஃபிக் ஹெடர் ஒன்று, எந்திரத்துக்கு எந்திரம் மாறக்கூடியது என்பதால், லிப் அடைவுக்குள் வாழ்கிறது. உபுண்டுவில் அது எக்ஸ்86-64 என்று தொடங்கும் பெயர்கொண்ட உள் அடைவில் இருக்கும். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸில் லிப்64 அடைவில் இருக்கும். உன் கணினியில் ஒட்டிய பாதை அடுத்தவர் கணினியில் வெறும் எழுத்துதான்.

உன் டாஸ்க் கோப்பையும் பார்த்தேன். அதன் வகை 'சிபிபி பில்ட்' என்று இருக்கும்வரை, டாலர் அடைப்புக்குறிக்குள் நீ எழுதிய பிகேஜி-கான்ஃபிக் விரிவடையாமல், அப்படியே கம்பைலரின் தலையில் போய் விழுகிறது. வகையை 'ஷெல்' (டெர்மினலில் கட்டளையைப் படித்து விரிக்கும் நிரல்) என்று மாற்றி, முழுக் கட்டளையையும் ஒரே வரியாகக் கமாண்ட் பகுதியிலேயே எழுது. கட்டளையின் துணைச்சொற்களுக்கான ஆர்க்ஸ் பட்டியலில் வைத்தால், இடைவெளி உள்ள துண்டை ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்து மறுபடியும் கெடுத்துவிடும். லைப்ரரிகளைக் கோப்பின் பெயருக்குப் பின்னால் வை. நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் உபுண்டுவின் லிங்க்கர் 2011இல் வந்த 11.10 பதிப்பிலிருந்து, அந்த இடம்வரை தேவைப்படாத லைப்ரரியைக் கழற்றிவிடுகிறது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நீ அனுப்பிய நீண்ட புலம்பலுக்குக் காரணம் அதுவே.

இவ்வளவும் செய்தால் பில்டு ஆகும்; சிவப்புக் கோடு அப்படியே நிற்கும். ஆகையால் நான் சொல்வது மீசான் என்ற பில்டு கருவி. ஜிடிகே 4ஐயே அதைக் கொண்டுதான் பில்டு செய்கிறார்கள். புராஜெக்டின் பெயர், ஜிடிகே 4 வேண்டும் என்ற சார்பு, எந்தக் கோப்பிலிருந்து நிரல் என்ற சில வரிகள் போதும். பிகேஜி-கான்ஃபிக்கை அதுவே கேட்டுக்கொள்ளும். அத்துடன், ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்று பட்டியலிடும் 'கம்பைல் கமாண்ட்ஸ்' ஜேசன் கோப்பொன்றை பில்ட் அடைவில் தானாகவே எழுதிவைக்கும். எடிட்டரின் சி நீட்சிக்கு அந்தக் கோப்பின் இடத்தைக் காட்டிவிடு. அந்த நீட்சிக்கு மாற்றான கிளாங்-டி என்றால் அதைக்கூடக் காட்ட வேண்டாம், பில்ட் அடைவில் தானே தேடிக்கொள்ளும். கம்பைலர் காண்பதையே எடிட்டரும் காணும்.

நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். முதல் வரியிலேயே சிவப்பைக் கண்டு, நமக்கு இது வராது என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்; அவர்கள் திரும்பி வந்து உன்னிடம் காரணம் கேட்கப்போவதில்லை. அவர்கள் கணினிகளில் ஜிடிகேயின் 'டெவ்' பொதியையும் மறவாமல் நிறுவு. நிரலை ஓட்டுவதற்கான பொதியில் ஹெடர்கள் இரா.

ஒன்று மட்டும் தெளிவாக எழுது: விஎஸ் கோடை ஃப்ளாட்பேக்காகவா (தனி வேலிக்குள் அடைத்து ஓட்டும் பொதியாகவா) நிறுவியிருக்கிறாய்? அப்படியானால் அது தன் வேலிக்குள்ளிருந்து உன் கணினியின் ஹெடர்களை நேரடியாகக் காணாது. அதை நீக்கிவிட்டு முதலில் உபுண்டுவின் வழக்கமான டெப் பொதியாக நிறுவிக்கொள், பிறகு மற்றவை.

அன்புடன்,
கதிரேசன்