ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதே

கொளத்தூர்,
புதன் இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் உன் புது மீன் தொட்டியைப் பற்றிப் பாதி சொல்லி பாதி விட்டுவிட்டேன். உனக்கு ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அதனால் எழுதி அனுப்புகிறேன். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வை.

முதலில் உன் கேள்வி, எந்தத் தண்ணீர் விடுவது என்று. நீ குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் மீனுக்கு வேண்டாம். அந்த மெஷின் கால்சியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் எடுத்துவிடும். கப்பி மீனுக்கு அவை வேண்டும். நம் வீட்டு போர் தண்ணீரில் சோறு மஞ்சளாகிறது என்று அம்மா புலம்புவாளே, அதே தண்ணீரில்தான் கப்பிகள் குட்டி போட்டுப் பெருகுகின்றன. உன் ஃப்ளாட்டில் வரும் காவிரித் தண்ணீரையே பிடி. குளோரின் மட்டும்தான் தொல்லை. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. அதனால் ஆன்டி குளோரின் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள். உள்ளே இருப்பது பெரும்பாலும், அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோவில் படம் கழுவ வைத்திருந்த ஹைப்போதான். நான் ஸ்டுடியோவில் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கடைக்காரர் சொன்ன யூ.வி. விளக்கும் வேண்டாம். விளக்கைக் கடந்து போகிற பாசியையும் கிருமியையும் அது கொல்லும், அவ்வளவுதான். மீனைக் கொல்வது அம்மோனியா. அதை விளக்கு ஒன்றும் செய்யாது.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் குடியிருக்கிற வீடுதான், தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர். நாம் காசு கொடுத்து வாங்குவது காலி வீடு. ஆள் குடிவர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதே. தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடு, அது அழுகி அம்மோனியா தரும். நடுவில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுக்கலாம். பயந்துபோய்க் கொட்டிவிடாதே, தானே தெளியும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் 0 காட்டினால் கப்பியை விடலாம், முதலில் நாலே நாலு.

இதை எழுதும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அந்த வேகத்தில் தொட்டி ஸ்பாஞ்சையும் எடுத்து, மெட்ரோ வாட்டர் குழாயடியில் வைத்து, கறுப்பு போகும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் உன் கறுப்பு மோலி மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நீ அன்று பள்ளிக்கே போகவில்லை. மீனுக்கு ஏதோ சீக்கு என்று உன்னிடம் சொன்னேன். சீக்கு இல்லை பாப்பா. பாக்டீரியா குடியிருந்த அந்தக் கறுப்புதான் அவற்றின் உயிர், நான்தான் கழுவிவிட்டேன். எனக்கே அது புரிய இரண்டு வருஷம் ஆனது, அதற்குள் உன்னிடம் சொல்ல வெட்கமாகிவிட்டது.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் இரண்டு தடவை லேசாக அமுக்கிவிட்டுத் திரும்ப வை. அழுக்காகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் உன் ஒற்றை ரூம். தொட்டி இரண்டு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி என்றாய். தண்ணீரே 56 லிட்டர், கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டும். அந்த மடக்கு மேசை தாங்காது. சுவரோரம் இரும்பு ஸ்டாண்ட் போட்டு, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் வை. ஸ்பாஞ்சுக்குக் காற்று விடுகிற ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் மாட்டு. கீழே வைத்தால் கரண்ட் போன நேரத்தில் ட்யூப் வழியே தண்ணீர் இறங்கி, பம்பும் போய், கீழ்வீட்டுக்காரர் உன் கதவைத் தட்டுவார். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற நான்ரிட்டர்ன் வால்வு சின்னச் சாமான், அதையும் ட்யூபில் சொருகிவிடு. பம்பு சுவரில் இடித்து உறுமினால் பின்னால் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் சொருகு. ஒயர் பிளக்குக்கு நேராகப் போகாமல் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், சொட்டுகிற தண்ணீர் அங்கேயே விழுந்துவிடும்.

கொசு மருந்து லிக்விடை அந்த ரூமில் போடாதே. அந்தக் காற்றைத்தான் பம்பு இழுத்துத் தண்ணீருக்குள் விடும். நமக்குத் தும்மலோடு போவது மீனுக்கு உயிரோடு போகும். வலை கட்டிக்கொள்.

வாரம் ஒரு வாளி பழைய தண்ணீர் வெளியே, ஒரு வாளி புதுத் தண்ணீர் உள்ளே. எடுத்ததைச் சாக்கடையில் விடாதே. நைட்ரேட் செடிக்கு உரம், பால்கனித் துளசிக்கு ஊற்று. மணி பிளான்ட் ஒரு கொடியை வேர் மட்டும் நனைகிற மாதிரி தொட்டி ஓரத்தில் விட்டால் அதுவும் உறிஞ்சும்.

ஆறு வாரம் உன்னால் சும்மா இருக்க முடியாது என்று அம்மா சொல்கிறாள். எனக்கும் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூர் வருகிறேன். நம் தொட்டியில் ஒரு வருஷமாக ஊறிக் கறுத்த ஸ்பாஞ்ச் ஒன்றை, மீன் பேக் பண்ணுகிற மாதிரி கவரில் கொஞ்சம் தண்ணீரும் நிறையக் காற்றும் விட்டுக் கட்டி எடுத்து வருகிறேன். உன் புது ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தால் காத்திருக்கிற நாள் நன்றாகக் குறையும். சோப்பு படாத புது வாளி ஒன்று வாங்கி வை. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், மெட்ரோ பிடித்து வந்துவிடுவேன்.

மோலியும் இரண்டு கொண்டுவரவா? கறுப்புதான்.

அப்பா