48 மணி நேரத்துக்கு அப்புறம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 18 வருடம் ரப்பர் பால்வெட்டியவன் நான். 2022-ல் விடியும் முன் தோட்டத்துக்குப் போகும்போது பைக் சறுக்கித் தலையில் அடிபட்டது. பக்கத்தில்தானே என்று ஹெல்மெட் போடவில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் பார்த்துக்கொண்டது. அந்த நன்றி எப்போதும் உண்டு. நான் எழுதுவது அதற்கு அப்புறம் உள்ளதைப் பற்றி.

கை கால் நன்றாக இருக்கிறது. தழும்பையும் முடி மூடிவிட்டது. ஆனால் சாயாக்கடையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்கு ஒன்றும் பிடிபடாது. சொல்ல வந்த வார்த்தை கிடைப்பதற்குள் பேச்சு ரப்பர் ஷீட் விலைக்குப் போயிருக்கும். நடையில் கொஞ்சம் தள்ளாட்டம் உண்டு. "காலையிலேயே போட்டாச்சா?" என்று ஒருவர் கேட்டார். நான் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன், குடிப்பதே இல்லை. சட்டென்று கோபம் வரும். மூளையின் முன்பக்கம் அடிபட்டால் அப்படி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் மனைவிக்கே புரிந்தது. கூட்டாளிகளுக்கு யார் சொல்வது? ஒவ்வொருவராக வராமல் ஆனார்கள்.

கல்யாணம் சொல்ல வருகிறவர்கள் என் முன்னாலேயே மனைவியிடம், "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். அதே பெஞ்சில்தான் நானும் இருக்கிறேன். முன்பெல்லாம் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்ப்பதென்றால் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள்.

திரும்ப வெட்டப் போனேன். கை மறக்கவில்லை, பட்டை பழைய சரிவிலேயே சீவி வந்தது. ஆனால் ஒரு வரிசை முழுக்கப் பால் எடுக்க மறந்து, மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே உறைந்துவிட்டது. இப்போது மகன் தந்த சாக்பீஸால், பால் எடுத்து முடித்த மரத்தில் கோடு போடுகிறேன். முன்பு 300 மரம், இப்போது 40.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. தலைக்காயம் தனியாக அதில் இல்லை. சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில் கை காலை நீட்டி மடக்கச் சொன்னார்கள். சரியாகச் செய்தேன். போகலாம் என்றார்கள்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வரிசையில் குளச்சல்காரர் ஒருவரைப் பார்த்தேன். படகில் வழுக்கித் தலையில் அடிபட்டவர். அரை மணி நேரம் பேசினோம். நான் வார்த்தை தேடினபோதெல்லாம் அவர் காத்திருந்தார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு ஆணிடம் நான் பேசவில்லை.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையிலோ, ஏதாவது ஒரு நூலகத்திலோ எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து பேச மாதம் ஒரு நாள் ஒரு அறை தாருங்கள். சத்தம் இல்லாத அறையாக இருந்தால் போதும். குளச்சல்காரரிடம் போன் நம்பர் வாங்க மறந்துவிட்டேன். இதை அவர் வாசித்தால், அதே மருந்துக்கடைக்கு மாதம் முதல் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வருவேன்.

பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம்