பாஸ்புக் யார் கையில் இருக்க வேண்டும்? இந்திய பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். விபத்து இழப்பீட்டை வக்கீலே எடுத்துக்கொண்டார் என்ற புகார் வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் உங்களுக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டுப் புகாரும் மாநில பார் கவுன்சிலில் பதினான்கு மாதமாகக் கிடக்கிறது.

அக்காவின் கணவர் லாரி மோதி இறந்தார். தீர்ப்பு வந்ததும் வக்கீலின் குமாஸ்தா அக்காவைக் கோர்ட்டுக்குப் பக்கத்து வங்கிக்கு அழைத்துப்போய்க் கணக்குத் தொடங்கினார். ஐந்து செக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பாஸ்புக் ஆபீஸ்லயே இருக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றாராம். அப்புறம் ஒன்றரை வருஷம் அலைச்சல்தான். "சார் கோர்ட்டுல இருக்கார்." "இன்சூரன்ஸ்காரன் அப்பீல் போயிருக்கான்." போகவர பஸ் காசுக்காக அக்கா ராத்திரியில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தாள்.

கடைசியில் நாங்களே வங்கிக்குப் போய் வேறு பாஸ்புக் வாங்கினோம். அச்சடித்து வந்தது ஒரே பக்கம். 8,40,000 வரவு. அடுத்த மூன்று நாளில் ஐந்து செக், ஐந்து பற்று. மிச்சம் 1,036 ரூபாய். மினிமம் பேலன்ஸை மட்டும் நேர்மையாக விட்டுவைத்திருந்தார்.

இழப்பீட்டை நேரடியாகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லி 2025இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் அக்காவின் பணமும் அக்காவின் கணக்குக்குத்தான் வந்தது. அதனால்தான் கேட்கிறேன்: கட்சிக்காரரின் பாஸ்புக்கையோ கையெழுத்திட்ட வெற்றுச் செக்கையோ வக்கீல் கையில் வைத்திருந்தாலே அது தொழில் ஒழுங்கீனம் என்று ஒரு விதி போடுங்கள்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை என்பீர்கள். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், பணம் வந்தால் சீக்கிரமே தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் விதிகளே சொல்கின்றன. கிடைக்கிற தொகையில் பங்கு பேசக் கூடாது என்றும் இருக்கிறது. கோர்ட் வாசல் டீக்கடையில் நின்று பாருங்கள், எத்தனை சதவீதம் என்று டீ போடுகிறவரே சொல்வார். 1961ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் புகாரை ஓராண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது. முடியாவிட்டால் அது உங்களிடம் வந்துவிட வேண்டும். எங்கள் புகார் வந்ததா? வந்து முடிந்தாலும் என்ன? கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யக் கூடாது எனலாம், பதிவேட்டிலிருந்து பேரை எடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு என்பது தண்டனைகளைச் சொல்லும் அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் இல்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனப்படும் வக்கீலிடம் பணத்தைப் பறிகொடுத்தவர் மனுப் போட இழப்பீட்டு நிதி ஒன்று இருக்கிறது. இங்கே வேலைநிறுத்தம் என்றால் ஒரே நாளில் ஊர்ஊராகக் கறுப்புக் கோட்டுகள் திரண்டுவிடுகின்றன, இதற்குத்தான் யாருக்கும் நேரம் கூடுவதில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். எல்லோரையும் சொல்லவில்லை. எங்கள் புகாரைக் காசு வாங்காமல் எழுதித் தந்தவரும் ஒரு வக்கீல்தான்.

நான் பணிவோடு கேட்பது அந்த ஒரு விதியைத்தான். பாஸ்புக் கட்சிக்காரர் கையில் இருக்கட்டும். அக்காவின் பாஸ்புக் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரே பக்கம்தான், படிக்க அதிக நேரம் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு கட்சிக்காரரின் தம்பி