மியூனிக்கில் எங்களுக்கு வழி சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த மாதக் கடைசியில் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஜெர்மனியை விட்டுக் கிளம்புகிறோம். அதற்குள் நன்றி சொல்லியாக வேண்டியவர்கள் நிறையப் பேர். பெயரைப் போட்டால் பலருக்கும் கூச்சமாக இருக்கும். அதனால் அவரவர் சொல்லித் தந்ததை எழுதுகிறோம்; படித்தால் யாரென்று அவர்களுக்கே தெரியும். அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் இது பயன்படட்டும்.

முதல் நன்றி, தபால் பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டச் சொன்ன அலுவலக நண்பருக்கு. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், பெட்டியில் ஒட்டிய பெயர், அவ்வளவுதான் முகவரி. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது பல நேரம் அப்பா பெயர். ஆகவே கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று. ஒருவர் பெயரை மட்டும் ஒட்டினால் மற்றவரின் வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போகும். வரி எண் கைக்கு வராமல் இழுத்துக்கொண்டே போனால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது இருப்பதிலேயே அதிகமானதைப் பிடிப்பார்கள். பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் முதல் மாதங்களில்தானே பணம் தேவை.

அன்மெல்டுங் எனும் முகவரிப் பதிவைக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனித் தாள் வேண்டும். சாவி வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள் என்று முன்கூட்டியே சொன்னவருக்கும் நன்றி. பதிவு முடிந்த கொஞ்ச நாளில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று வரும். கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், மாதம் 18.36 யூரோ. இரண்டாவது கடிதத்தைக் குப்பையில் போடக் கூடாது. முதலாமவரின் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டு பேரிடமும் வசூல் நடக்கும்.

எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மாய்ஸ்டருக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரியது. ஜன்னல் திறப்பதிலும் முறை உண்டு என்று கற்றுத் தந்தவர் அவர். குளிர்காலத்தில் ஜன்னலை மேல்பக்கம் சாய்த்து நாள் முழுக்க அப்படியே விட்டால், காற்று சரியாக மாறாது. ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் சில்லிட்டுப் போகும். வீட்டுக்குள் இருக்கும் ஈரம் அந்தச் சில்லிட்ட மூலையில்தான் நீராகப் படியும், அங்கேதான் கரும்பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரை மூடிவிட்டு, ஜன்னல்களை முழுசாகத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றோட விட்டு மூடுவதே சரியான முறை. காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும் முன்னும் கட்டாயம். சோறு வடித்து, சாம்பார் கொதிக்கவைத்து, இட்லி அவிக்கும் வீட்டுக்கு இது போதாது. சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடி வைத்து, முடித்த கையோடு இன்னொரு முறை திறக்க வேண்டும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் அளவு இடம் விட வேண்டும். ஈரப்பதமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கவலை இல்லை. ஹீட்டர் திருகில் 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகிவிடாது, தேவைக்கு மேல் சூடாகும், அவ்வளவுதான். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இருந்து, வீட்டைக் காலிசெய்யும்போது பூஞ்சைக்காக முன்பணத்தை இழப்பவர்கள் உண்டு.

ஈழத்து அண்ணனுக்கும் அக்காவுக்கும் வருகிறோம். உங்கள் கடை இல்லாமல் எங்கள் அடுப்பு எரிந்திருக்காது. முருங்கைக்காயும் வாழைப்பூவும் எந்த நாள் வரும் என்று சொல்லி எடுத்து வைத்ததோடு நீங்கள் நிற்கவில்லை. பருப்பு ஏன் வேகவில்லை என்பதையும் விளக்கினீர்கள். மியூனிக் குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. குடிக்க அருமையான தண்ணீர், ஆனால் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்புத் தண்ணீரில் பருப்பு எளிதில் இளகாது. துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, கொதித்து ஆறித் தெளிந்த நீரில் வேகவைத்தால் குழையும். புளி, தக்காளி இரண்டும் பருப்பு வெந்த பிறகுதான். கெட்டிலில் படியும் வெள்ளைப் படலத்துக்கு எலுமிச்சை அமிலத்தூள் ஒரு மேசைக்கரண்டி போட்டு அரைமணி விட்டால் போதும்.

இட்லி மாவு விஷயத்தில் அக்கா சொன்ன அளவு இன்றுவரை தப்பவில்லை. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கல்லுப்பைப் போட்டுக் கையால் கலக்க வேண்டும். 20 டிகிரி அறையில் மாவு தூங்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தைப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் உள்ளே வைத்தால் பொங்கிவிடும். ஆனால் விளக்கு பழைய இழை பல்பாக இருக்க வேண்டும். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. ஊரிலிருந்து அலுமினிய குக்கர் தூக்கி வருபவர்கள் அடுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடி செரான் அடுப்பில் அது வேலை செய்யும், இண்டக்‌ஷனில் செய்யாது.

கீழ்வீட்டு அம்மையாருக்கு: இரவு பத்து முதல் காலை ஆறு வரை மிக்சி கூடாது, ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளைபோடக் கூடாது, அன்று கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் எறியவும் கூடாது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். மிக்சிக்கு அடியில் மடித்த துண்டு வைக்கும் யோசனையும் உங்களுடையது. நீலநிறக் கண்ணாடி பச்சைத் தொட்டிக்குப் போக வேண்டும் என்பதும், பழுப்புத் தொட்டிக்கான காய்கறிக் கழிவை மக்கும் பிளாஸ்டிக் பையில்கூடக் கட்டாமல் செய்தித்தாளில் சுற்ற வேண்டும் என்பதும் உங்களால்தான் தெரிந்தது. பானம் குடித்த காலி டப்பாவை நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால்தான், வாங்கும்போது கட்டிய 25 சென்ட் திரும்ப வரும். நசுங்கினால் பட்டைக்கோட்டை இயந்திரத்தால் படிக்க முடியாது.

வார இறுதிகளுக்காக ரயில்காரர்களுக்கு நன்றி. டாய்ச்லாண்ட் டிக்கெட் எனும் நாடு முழுவதற்குமான மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-இல் 58, 2026-இல் 63 என்று ஏறியும், வட்டார ரயில், மெட்ரோ, டிராம், பஸ் அத்தனைக்கும் ஒரே சீட்டு என்பதால் அது இன்னும் லாபமே. ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. நிறுத்த நினைத்தால் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும், தவறினால் அடுத்த மாதப் பணமும் போகும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பயர்ன் (பவேரியா) மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டான பயர்ன் டிக்கெட் நல்லது. ஐந்து பேர்வரை ஒரே சீட்டில் போகலாம்; வார நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகு, சனி ஞாயிறில் நாள் முழுக்க. சீட்டில் எல்லோர் பெயரையும் குறிப்பிட மறக்க வேண்டாம்.

டேகர்ன்ஸே ஏரிக்குக் கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மியூனிக்கில் ஒன்றாகப் புறப்படும் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரிந்து ஒரு துண்டு பைரிஷ்ட்செல் போகும். மிச்சம் ஷாஃப்ட்லாகில் மறுபடி பிரிந்து ஒன்று லெங்க்ரீஸுக்கும் ஒன்று டேகர்ன்ஸேக்கும் போகும். ஓடும் ரயிலில் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக வழி கிடையாது. பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இந்த ரயில்கள் மியூனிக் மத்திய நிலையத்தில் 27 முதல் 36 வரையிலான நடைமேடைப் பக்கம் நிற்கும். மெட்ரோவிலிருந்து அங்கே நடக்கவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரியும் இடங்களில் பெட்டி பெட்டியாக வந்து “நீங்கள் எங்கே?” என்று கேட்ட நடத்துனர்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த இரண்டு டிக்கெட்டிலும் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம்வரை போகலாம், ஊருக்குள் ஓடும் பஸ்ஸுக்குத் தனிச் சீட்டு. திரும்பும்போது எல்லையில் சோதனை நடக்கும். வதிவிட அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

மலைக் குடில்காரர்களே, உங்களால்தான் வழிகாட்டிப் பலகையை நம்பப் பழகினோம். பயர்ன் மலைப்பாதையில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. குழந்தையோடு போனால் பாதியாவது கூட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஊர்களில் கடைசி பஸ் மாலையிலேயே முடிந்துவிடும், அதன் நேரத்தை ஏறும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பல குடில்களில் ரொக்கம்தான். வசந்தத்தில் கீழே பூ பூத்திருந்தாலும் வடக்குச் சரிவில் பனி கிடக்கும், அந்தப் பாதையில் கால் வைக்காதே என்று நீங்கள் தடுத்ததை மறக்க மாட்டோம்.

வீட்டைக் காலிசெய்யும் அறிவிப்பை மூன்று மாதம் முன்பே, மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள், தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தாகிவிட்டது. நாட்டைவிட்டுப் போவதற்கான முகவரி நீக்கத்தைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னிருந்துதான் செய்ய முடியும். வரிசைச் சீட்டு வாங்கியாயிற்று. முன்பணக் கணக்கும் கடைசி மின்கட்டணமும் நாங்கள் போன பிறகுதான் வரும். அதுவரை எங்கள் இரண்டு பெயரையும் பெட்டியிலிருந்து கிழிக்காமல், கடிதங்களை எடுத்து வைப்பதாக ஹவுஸ்மாய்ஸ்டர் சொல்லியிருக்கிறார். ஐயா, அதற்கும் சேர்த்து நன்றி. இட்லிப் பானையை மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதியிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வீட்டு ஓவனில் இழை பல்புதான்.

அன்புடன்,
நான்காம் மாடி, இடதுபக்க வீட்டார்