கிளாம்பாக்கம் ஸ்டேஷன்: உறுப்பினர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். கிளாம்பாக்கத்தில் கட்டும் புது ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி, "ஒரு பிளாட்பாரம் கட்ட இவ்வளவு நாளா?" என்று குழுவில் தினமும் கேள்வி வருகிறது. அங்கே பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-லேயே திறந்துவிட்டது, ஸ்டேஷனுக்காக மாநில அரசு ரயில்வேக்கு 20 கோடி ரூபாய் கொடுத்தது என்பதால் கோபம் நியாயம்தான். ஆனால் இது காலி மனையில் வீடு கட்டுகிற வேலை இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும் தண்டவாளத்தை ஒட்டி நடக்கிறது. ஹார்ன் கேட்டால் கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மேலே 25,000 வோல்ட் கம்பி. அதன் பக்கத்தில் கை வைக்க, கரண்டை நிறுத்தி, வண்டிகளையும் நிறுத்தி வேலை செய்ய ரயில்வேயிடம் நேரம் ஒதுக்கி வாங்க வேண்டும்; இதைத்தான் 'பிளாக்' என்பார்கள். பிளாட்பாரம் 12 பெட்டி வண்டிக்கு ஏற்ற நீளம். வழியில் நிற்கும் மின்கம்பம், சிக்னல், கேபிள் எல்லாம் இடம் மாற வேண்டும். கடைசியில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதலும் வேண்டும்.

ஜி.எஸ்.டி. ரோட்டை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) தாண்டி பஸ் நிலையத்துக்குப் போகும் நடைமேம்பாலம் தனி வேலை. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். அது இல்லாமல் ஸ்டேஷனை மட்டும் திறந்தால் பெட்டியோடு ரோட்டைக் கடப்பது யார்?

"இன்ன தேதி திறப்பு" என்ற ஃபார்வர்டுகளைத் தயவுசெய்து இங்கே போடாதீர்கள். பிளாக் நாளில் எந்த வண்டி ரத்து என்பதை தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துப் பகிருங்கள். வேலை நடக்கும் இடத்தில் குறுக்கு வழியாகத் தண்டவாளத்தைக் கடக்காதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

– அட்மின்