லாட்டரியாம் லாட்டரி!

அன்புள்ள செல்வம்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால்வலி அப்படியேதான்.

இப்போது எழுத வைத்தது உன்னுடைய ஒரு வரி. 'கூடைப்பந்தில் கடைசி நொடி பேஸ்கெட் எல்லாம் லாட்டரிடா.' 2016 அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஃபைனலை, வில்லனோவா - வட கரோலினா ஆட்டத்தை, பார்த்தவன் எழுதுகிற வரியா இது? பீட்டர் மாஸ்டர் காதில் விழுந்திருந்தால் உன்னைப் பத்து ரவுண்டு ஓடவிட்டிருப்பார்.

ஹூஸ்டன் ஸ்டேடியம், எழுபத்து நாலாயிரம் பேர். ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கையில் வில்லனோவா பத்துப் பாயிண்ட் முன்னால். அத்தனையும் கரைந்து, 13 நொடி இருக்கும்போது 74-71. இங்கே எனக்கு வில்லனோவாவின் அன்றைய கோச் ஜே ரைட் மேல் ஒரு குறை உண்டு. மூன்று பாயிண்ட் முன்னிலையில், எதிராளி ஷூட் பண்ண எழும்புமுன் ஃபவுல் செய்துவிட்டால் அதிகபட்சம் இரண்டு ஃப்ரீ த்ரோதானே? செய்யவில்லை. வட கரோலினாவின் மார்கஸ் பேஜ் எழும்பி, ஆள் மேலே பாய்ந்ததும் பந்தைக் கீழே இழுத்து, அந்தரத்தில் மறுபடி தூக்கி எறிந்தார். 74-74. மிச்சம் 4.7 நொடி. லாட்டரி என்றால் அதைச் சொல்லு, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது அப்படி இல்லை. வில்லனோவா டைம்அவுட் எடுத்தது. அன்றைய அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் விதியில் டைம்அவுட் எடுத்தாலும் பந்து முன்பாதிக்கு, அதாவது எதிராளி கூடை இருக்கும் பாதிக்கு, வராது. 94 அடியும் ஓடித்தான் ஆகவேண்டும். ஒரு ஆறுதல், பந்து உள்ளே ஒருவர் கையில் படும்வரை கடிகாரம் ஓடாது. வில்லனோவாவின் ஜென்கின்ஸ் பேஸ்லைனிலிருந்து தன் அணியின் ஆர்ச்சிடியாகோனோவிடம் கொடுக்கிறார். அவர்கள் அணியின் ஒச்செஃபு நடுக்கோட்டுப் பக்கம் ஸ்க்ரீன், அதாவது காவல்காரன் வழியை மறித்து நிற்கிறார். மற்ற இருவரும் ஓரங்களில் விரிந்து நின்று தங்கள் காவல்காரர்களை வெளியே இழுத்து வைக்கிறார்கள். 'நோவா' என்று பெயர் வைத்துத் தினமும் பயிற்சியில் ஓடிப் பார்த்த செட் இது.

சூட்சுமம் பந்தை உள்ளே போட்டவரிடம் இருக்கிறது. போட்டு முடித்ததும் அவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஜென்கின்ஸைக் காவல் காக்கவேண்டிய வட கரோலினாவின் ஹிக்ஸ் பந்தோடு வருபவர் பக்கம் நகர்ந்தார், அவ்வளவுதான். பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த ஜென்கின்ஸுக்குக் கீழ்க்கை பாஸ். ஹிக்ஸ் திரும்பி வருவதற்குள் பந்து கையை விட்டாயிற்று. அது காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்து பலகை சிவந்தது. 77-74, வில்லனோவா ஜெயித்தது.

நீ பயிற்சி கொடுக்கும் பையன்களுக்கு இது எதற்கு என்று கேட்பாய். ஃபீபாவின், அதாவது சர்வதேச, விதியில் நாலாவது குவார்ட்டர் கடைசி இரண்டு நிமிடத்தில் டைம்அவுட் எடுத்தால் பந்தை முன்பாதியிலிருந்தே போடலாம், சரி. டைம்அவுட் தீர்ந்துபோயிருந்தால்? போர்டில் 5 நொடி வைத்து ஓட்டு. பந்தைத் தரையில் தட்டுவது ஐந்தாறு தடவைக்கு மேல் போகக்கூடாது. ஒன்றரை நொடி மிச்சம் இருக்கும்போதே பந்து கைமாற வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் காலை ஊன்ற நேரமிருக்காது. உள்ளே போட்டவன் பந்துக்கு இரண்டு மூன்று எட்டுப் பின்னால், சற்றே விலகி வரட்டும். பக்கத்தில் ஒட்டி ஓடினால் ஒரே காவல்காரன் இருவரையும் பார்த்துக்கொள்வான். மிச்சம் 0.3 நொடிக்கும் குறைவு என்றால் இதெல்லாம் கிடையாது. பிடித்து எறியவே முடியாது, தட்டிவிடவோ நேராக வளையத்தில் திணிக்கவோதான் அனுமதி.

இன்னொன்று, ரீப்ளேயில் டைம்அவுட் முடிகிற இடத்தைத் தள்ளிவிடாமல் பார். ஒச்செஃபு துடைப்பானைக் கையில் வாங்கி, தான் ஸ்க்ரீன் நிற்கப்போகிற இடத்தின் ஈரத்தைத் தானே துடைக்கிறார். அத்தனை பேர் அலறுகிற மைதானத்தில், ஆறடிப் பதினோரு அங்குல ஆள்! லாட்டரி வாங்குகிறவன் தரையையா துடைப்பான்?

உன் கோர்ட்டில் துடைப்பான் இருக்கிறதா, இல்லை இன்னமும் அந்தப் பழைய பனியன்தானா? மாலதிக்கு என் அன்பு.

உன்,
ரகு