வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: தட்டில் பதித்த தாமரை ஏன் விலகியது?

வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு எங்களிடம் தாமரை பதித்த தேக்குத் தட்டு வாங்கியவர்களில் சிலர் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். தாமரையின் இரண்டு பக்கம் நகம் நுழையும் அளவுக்குக் கோடாக இடைவெளி, மற்ற இரண்டு பக்கம் பதிப்பு மேலே எழும்பி விரலில் தட்டுகிறது. சீர்வரிசைக்கு வாங்கிய ஒரு அம்மா, "மிஷின்ல வெட்டினா தப்பே வராதுன்னு சொன்னீங்களே தம்பி" என்று போனில் கேட்டார். அவர் கேட்டது சரி. தப்பு எங்களுடையதுதான். எப்படி நடந்தது என்பதைத் தட்டு உருவாகும் கதையோடு சொன்னால்தான் புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் தட்டு 300 மில்லிமீட்டர் வட்டம். அந்த அகலத்துக்கு ஒரே பலகையாக நல்ல தேக்கு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வளையும், அதனால் வைரம் பாய்ந்த மூன்று பலகைகளை ஒட்டி 25 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, கணினி சொல்லும் கோட்டில் மரத்தைக் குடையும் ரவுட்டர் மிஷினின் மேடையில் இறுக்குகிறோம். முதலில் 6 மில்லிமீட்டர் பிட் (மிஷினில் சுழலும் வெட்டுமுனை) தட்டின் குழியை முரட்டுத்தனமாகக் குடைந்து எடுக்கும், பிறகு முனை உருண்ட பிட் ஓரத்து வளைவை வழித்து விடும். குழியின் ஆழம் 12 மில்லிமீட்டர். அப்புறம் தட்டை மேடையிலிருந்து எடுக்காமலேயே குழியின் தரையைத் தொட்டு அளவை மறுபடி பூஜ்யத்தில் வைத்து, தாமரைக்கான பள்ளத்தை வெட்டுகிறோம். இதை மேடையில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். கழற்றி மாட்டினால் கால் மில்லிமீட்டராவது நகரும், கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் தாமரை தட்டின் நடுவில் இருக்காது, அது கண்ணுக்கு உடனே தெரியும்.

பள்ளத்துக்கு நாங்கள் எடுப்பது 60 டிகிரி வி-பிட், அதாவது V எழுத்துபோல் கூராக முடியும் பிட். உருளை வடிவ பிட்டால் இதழின் கூர் நுனியை வெட்ட முடியாது, சுழலும் பிட் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உள்மூலையில் தன் உருண்டையை விட்டுத்தான் போகும். வி-பிட் அப்படியல்ல. மூலையை நெருங்க நெருங்க மேலே ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் முனையால் மட்டும் தொட்டு வெளியேறும், இதழ் ஊசியாக முடியும். பள்ளத்தின் ஆழம் 5 மில்லிமீட்டர். வெள்ளை நிறத்துக்கு வெட்பாலை மரத்தில் அதே தாமரையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி மேடாக வெட்டுகிறோம், அதைக் கவிழ்த்துப் பள்ளத்தில் இறக்கினால் 4 மில்லிமீட்டர் உள்ளே போய் ஆப்பு மாதிரி இறுகும். அடியில் மிஞ்சும் 1 மில்லிமீட்டர் பசைக்கு. ஒரு இரவு முழுக்க கிளாம்ப் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் இரண்டு குச்சி ஆணிகளை வைத்துப் பழைய இடத்திலேயே தட்டைப் பொருத்தி, மேலே நிற்கும் வெட்பாலையை ரவுட்டரால் சீவி எடுக்கிறோம். கடைசி இழை கனம் மட்டும் கையால், உப்புத்தாளில் முரடிலிருந்து நைசுக்கு 120, 180, 240 எண் என்று.

மிஷின் ஓடும் நேரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதனால்தான் "இரண்டு நாளில் தர முடியாதா" என்று கேட்கிறீர்கள். நாங்களும் சீசன் அவசரத்தில் முடியும் என்று சொல்லிவிட்டோம். அங்கேதான் இடறியது.

மரம் நார் ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது, குறுக்குவாக்கில் அசையும். காற்றில் ஈரம் இருந்தால் குடித்து விரியும், ஏசி அறையில் வைத்தால் காய்ந்து சுருங்கும். தேக்கு இதில் நிதானமான மரம் என்று பெயரெடுத்தது, அப்படியிருந்தும் 300 மில்லிமீட்டர் அகலத் தட்டு ஒன்று, உள்ஈரம் நான்கு சதவீதம் குறைந்தால் குறுக்கே 2 மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். இது எந்த மிஷினாலும் தடுக்க முடியாத சமாச்சாரம். மரத்தோடு போக வேண்டும், வேறு வழி கிடையாது: பதிப்பின் நார் தட்டின் நார் ஓடும் திசையிலேயே ஓட வேண்டும், அப்போது இரண்டும் ஒன்றாகச் சுருங்கி ஒன்றாக விரியும்.

அந்தத் தொகுதியில் வெட்பாலைத் துண்டுகள் குறுகலாக வந்தன. மரம் வீணாகக் கூடாது என்று சில துண்டுகளைக் குறுக்காகத் திருப்பி வைத்து வெட்டினோம். தேக்கும் காய்ந்தது என்று சொல்லித்தான் வந்தது, ஈரம் காட்டும் மீட்டரை மேலே வைத்துப் பார்த்தோம், 12 சதவீதம் காட்டியது, போதும் என்று நினைத்தோம். உங்கள் புகாருக்குப் பிறகு மிச்சமிருந்த பலகையைக் குறுக்கே அறுத்து நடுவில் பார்த்தபோது 18. உங்கள் வீட்டில் தட்டு காயக் காய, ஒரு திசையில் தேக்கு சுருங்கி, சுருங்காத வெட்பாலையை நெருக்கி மேலே தள்ளியது. இன்னொரு திசையில் வெட்பாலை சுருங்க, தேக்கு கூட வரவில்லை, இடைவெளி விழுந்தது. நீங்கள் அனுப்பிய எல்லாப் படத்திலும் இதே கதைதான்.

மைசூரில் ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்யும் கைவினைஞர்கள், மெல்லிய ரம்பத்தால் பூவையும் இலையையும் அறுத்து, உளியால் பள்ளம் தோண்டி இறக்குகிறார்கள், அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. கையால் செய்கிறவர் ஒவ்வொரு துண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்த நொடியில் தெரிந்துவிடும். ரவுட்டர் அதைப் பார்க்காது, பார்க்க வேண்டியது நாங்கள்.

இனி செய்யப்போவது இது. வரும் பலகைகளை இடையில் குச்சி வைத்து அடுக்கிப் பட்டறையிலேயே மூன்று வாரம் வைப்போம், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பலகையை அறுத்து நடுவில் ஈரம் பார்த்த பிறகுதான் தொடுவோம். குழியை முரட்டாக வெட்டியதும் ஒரு வாரம் ஓய்வு, வளைய வேண்டியது அதற்குள் வளைந்துவிடும், அதன் பிறகுதான் கடைசி வெட்டும் பதிப்பும். ஆக ஆர்டர் கொடுத்து ஆறு வாரம் ஆகும். தை முகூர்த்தத்துக்கு அவசரமாக வேண்டும் என்றால் பதிப்பில்லாத வெறும் தட்டு தருகிறோம், பதித்த தட்டை அவசரத்தில் தர மாட்டோம்.

பராமரிப்பு பற்றிப் பலர் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்து நிமிர்த்திச் சாய்த்துக் காய வையுங்கள். நாங்கள் பூசுவது உணவுத் தர மினரல் எண்ணெயும் தேன்மெழுகும். மங்கினால் அதையே பூசுங்கள், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், அவை காயாமல் மரத்துக்குள் தங்கிக் காறல் வாடை அடிக்கும். ஹார்டுவேர் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் சாப்பாட்டுத் தட்டுக்கு ஆகாது, சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு. வெள்ளைப் பதிப்பில் மஞ்சள் கறை பட்டால் பயப்பட வேண்டாம், சில நாள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தால் தானே வெளுக்கும். குங்குமம் அப்படிப் போகாது, கிண்ணத்தில் வைத்துத் தட்டில் வையுங்கள்.

தேய்ந்துபோன தட்டைத் திரும்ப உப்புத்தாள் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் வி-வடிவப் பள்ளம் என்பதால் 1 மில்லிமீட்டர் தேய்த்தால் கோடு 1.15 மில்லிமீட்டர் ஒல்லியாகும். 2 மில்லிமீட்டர் அகலக் காம்புக்கு ஆழமே 1.7 மில்லிமீட்டர்தான், அழுத்தித் தேய்த்தால் காம்பு மறைந்து பூ மட்டும் நிற்கும். அதனால் கோடு மெல்லியதாக உள்ள தட்டுகளை எங்களிடமே கொடுத்துவிடுங்கள்.

இடைவெளி விழுந்த தட்டு வைத்திருப்பவர்கள் தட்டின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணையும் ஒரு படத்தையும் அனுப்புங்கள். புதுத் தட்டு செய்து தருகிறோம், போக்குவரத்துச் செலவு எங்களுடையது. சீர் வைத்த தட்டு, கொடுக்க மனமில்லை என்று இரண்டு பேர் சொன்னீர்கள். அப்படியென்றால் அந்தத் தட்டையே அனுப்புங்கள், பழைய தாமரையைக் குடைந்தெடுத்துவிட்டு, நார் திசை பார்த்துப் புதிதாக ஒன்று பதித்துத் திருப்பி அனுப்புகிறோம். அதற்கும் காசு வேண்டாம், ஆறு வாரம் மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து, கோவை